வெற்றிப் பாட்டின் முதற்பாதி

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் அழுவார்கள். அடுத்ததாக எனக்கு அறிவிப்பார்கள். பிரதேச செயலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து, நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். கிராம அலுவலரிடம் எந்தப் படிவம் எடுக்க வேண்டும், மரண விசாரணை அதிகாரி வரவேண்டிய சாவு எது, வரத் தேவையில்லாத சாவு எது, ஒலிபெருக்கிக்கு யாருக்குக் கடிதம், மயானத்துக்கு எந்தச் சபையில் பதிவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊர் என்னை விரும்புகிறது என்று நான் நினைத்துக்கொள்வதில்லை. தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டரை யாரும் விரும்புவதில்லை. தேவைப்படும்போது தேடுவார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் என் நண்பனின் மனைவி இறந்தபோதும் செத்தவீட்டை நான்தான் நடத்தினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் செய்தவனும் நானே. அலுவலகத்தில் என்றால் இப்படியான பிழைக்கு விளக்கம் கோரி ஒரு கடிதம் வரும், பதினான்கு நாளுக்குள் பதில் எழுதலாம். இங்கே கடிதம் அனுப்ப யாரும் இல்லை. ஆகவே கேட்காமலே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் எங்கே வென்றாலும் அந்தப் பாட்டு வரும். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் முப்பது பேர் ஏறி நின்று, ஒருவன் தகரத்தில் அடிக்க, கொடிகாமம் சந்தை வரைக்கும் அதைப் பாடிக்கொண்டு வருவார்கள்.

“போகமாட்டம், போகமாட்டம்,
கப் வராமல் போகமாட்டம்!”

‘கப்’ என்ற சொல் வரும் இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டும். பெட்டியின் அச்சு இரண்டு தடவை முறிந்திருக்கிறது. கனடாவில் எங்கள் ஊரவர் நடத்துகிற போட்டியிலும் இதுதான் வெற்றிப் பாட்டு. பனிக்காலத்து அங்கிகளோடு அவர்கள் துள்ளுவதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். பொறுப்புள்ள உத்தியோகங்களில் இருக்கிறவர்கள்.

அந்தப் பாட்டு தோல்வியில் பிறந்தது. பிறந்த இடம் நெல்லியடிச் சந்தி.

நானும் அவனும் இருபத்தைந்து வயதுக்காரர்களாக இருந்த காலம். நான் புதிதாக எழுதுவினைஞர் வேலைக்குப் போயிருந்தேன். அவன் எந்த வேலைக்கும் போகாமல் தோள் வரை தலைமயிர் வளர்த்திருந்தான். கொழும்பிலிருந்து ஒரு மின் கிற்றார் வாங்கி வந்திருந்தான். பேக்கரிக்காரரின் மகன் டிறம்ஸ் அடித்தான். பாவனையில் இல்லாத ஒரு புகையிலைக் குடிலுக்குள் ஒத்திகை நடக்கும். வெளியே வந்தால் மூன்று பேரிலும் புகையிலை மணக்கும், ஒருவரும் புகைப்பதில்லை என்றாலும். ஆங்கில றொக் பாட்டுகளில் மெதுவான வகை ஒன்று உண்டு அல்லவா? தனிக்குரல் ஒன்று தனக்குத்தானே கதைப்பதுபோலத் தொடங்கும். டிறம்ஸ் மிகவும் பிந்தித்தான் விழும். கடைசியில் கிற்றார் அழும். அப்படி ஒன்று தமிழில், அதுவும் எங்கள் பேச்சில் செய்ய வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை.

அந்த இசைக்குழுவில் எனக்கு இரண்டு வேலை. அம்பிளிபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவது ஒன்று, ஒலிபெருக்கி அனுமதிக் கடிதம் எழுதுவது மற்றது. மூன்றாவது வேலை ஒன்றுக்கு நான் பலமுறை முயன்றேன். நான் பாட வாயைத் திறந்ததும் அவன் கிற்றாரை விட்டுவிட்டு, இடது உள்ளங்கையால் என் வாயைப் பொத்துவான்.

“மச்சான், நீ கடிதம் எழுது. பாட்டை எங்களிட்டை விடு.”

கம்பியில் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள் என் கன்னத்தில் அரத்தைப்போல உரசும்.

அவன் விரும்பியவளுக்கு, பிறகு மனைவியானவளுக்கு, நெல்லியடிப் பக்கம். சந்திக்குப் பக்கத்தில் தட்டெழுத்து வகுப்புக்கு வருவாள். அவளுடைய தகப்பன் தோட்டக்காரர், நல்ல மனிதர். தலைமயிர் வளர்த்தவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர அவரிடம் வேறு கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை, பின்னேர வகுப்பு முடிந்ததும் சந்திக்கு வந்து கலியாணத்துக்கு முடிவு சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள். துணைக்கு நானும் போனேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். அவள் வரவில்லை. கடைகளைப் பூட்டத் தொடங்கினார்கள். கொடிகாமத்துக்குக் கடைசி பஸ் வந்து நின்றது. ஏறு என்றேன். அவன் ஏறவில்லை. அடுத்த நாள் எனக்குக் கந்தோர். வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழ முன் கையெழுத்து வைக்க வேண்டும். நான் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணி வகுப்புக்கு வந்தவள், பஸ் தரிப்பிடத்து வாங்கில் அவன் நுளம்பு கடித்து வீங்கிய முகத்தோடு நித்திரையாகக் கிடப்பதைக் கண்டாள். முதல் நாள் அவளை வீட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்களாம். அவனுக்கு அந்தச் செய்தி தெரியாது. வர மறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் இரவு முழுக்க நின்றிருக்கிறான். அந்த வாரமே பாட்டை முடித்தான். அவன் சொல்லச் சொல்ல, என் விடுமுறை விண்ணப்பப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நான்தான் எழுதினேன்.

“கடைசி பஸ்ஸும் போட்டுது,
கடையள் எல்லாம் பூட்டுது,
நெல்லியடிச் சந்தியிலை
நான் மட்டும் நிக்கிறன்.”

இது முதற்பாதி. கிற்றார் மட்டும், மிக மெதுவாக. அதன்பிறகுதான்,

“போகமாட்டன், போகமாட்டன்,
நீ வராமல் போகமாட்டன்.”

அந்தக் கடைசி பஸ்ஸில் இருந்தவன் நான். பாட்டில் என்னைச் சேர்க்கவில்லையே என்று கேட்டதற்கு, போனவனைப் பற்றிப் பாட்டில் என்ன எழுதுகிறது என்றான்.

அடுத்த வருடம் அவன் தலைமயிரை வெட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர் வேலைக்குப் போனான். தகப்பனின் கொள்கைக்கு அதோடு காரணம் இல்லாமல் போயிற்று. கலியாணம் நடந்தது. பதிவு வேலைகளை நான் பார்த்தேன்.

அந்தப் பாட்டு வெற்றிப் பாட்டான விதம் இது. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் கழகம் முதன்முதலாக இறுதியாட்டத்துக்குப் போனது. மைதானம் நெல்லியடியில். நான் கழகச் செயலாளர். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவன் அவன். ஆட்டம் சமநிலையில் நிற்க, பொழுதுபட்டு, பந்து தெரியவில்லை. பூவா தலையா போட்டு முடிவு செய்வோம் என்றார் போட்டி நடத்தியவர். அது விதியில் இல்லை என்று நான் விதிப் புத்தகத்தை விரித்தேன். அவர் புத்தகத்தை வாங்கி மூடித் தந்தார். எங்கள் பொடியன்கள் மைதான நடுவில் குந்திவிட்டார்கள். வெளியேறச் சொல்லி அறிவிக்கும்படி அவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி, ஒரு செருமல் செருமிவிட்டு, ‘போகமாட்டன், போகமாட்டன்’ என்று பாடத் தொடங்கினான்.

மூன்றாவது தடவை ஊர் முழுக்கப் பாடியது. ‘போகமாட்டன்’ ‘போகமாட்டம்’ ஆயிற்று. ‘நீ’ இருந்த இடத்தில் யாரோ ‘கப்’ என்று கத்த, அதுவே நிலைத்துவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் திரும்ப ஆட வைத்தார்கள். வென்றோம். அன்றிலிருந்து அது ஊரின் சொத்து. முதற்பாதியை யாரும் பாடவில்லை. லான்ட்மாஸ்டரில் நின்றுகொண்டு மெதுவாகப் பாட முடியாது.

அவன் அதற்காக வருத்தப்படவில்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் முன்னுக்கு நின்று பாடினான். ஊர்வலம் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது அவன் மனைவி வெளியே வந்து, “உங்கடை அண்ணருக்கு என்னை விடக் கப்தான் பெரிசு” என்று பொடியன்களுக்குச் சொல்வாள். துணி காயப் போட்டபடி அவள் முதற்பாதியை முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். பேக்கரிக்காரரின் மகன் வெளிநாடு போனபின் ஊரில் அந்த நான்கு அடி மூன்று பேருக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு முழுதாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்டால் வாயைத் திறப்பான், காற்றுத்தான் வரும். ஆறாம் நாள் மனைவி முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று ‘போகமாட்டன்’ என்று இராகத்தோடு பாடினான். அவள் கையில் இருந்த கோப்பையைப் போட்டுவிட்டாள். பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, சிலருக்குப் பேச்சு போனாலும் பாடிப் பழகிய பாட்டு மிஞ்சும் என்று டொக்டர் விளக்கினார். ஆயிரம் பாட்டுத் தெரிந்தவனுக்கு மிஞ்சியது இது ஒன்று. முழுப் பாட்டும், முதற்பாதி உட்பட.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான். தேத்தண்ணீர் வேண்டும் என்றாலும் ‘போகமாட்டன்’. கிளினிக்குக்கு ஓட்டோ வந்து நின்றாலும் ‘போகமாட்டன்’. அந்த ஓர் இடத்தில்தான் சொல்லும் கருத்தும் பொருந்தும், ஓட்டோக்காரன் சிரிப்பான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவளுக்குத் தெரியும். கெதியாக, அவசரமாகப் பாடினால் பசி. முதற்பாதியில் தொடங்கினால் வெளிநாட்டில் இருக்கிற மகளின் நினைவு. பாதியில் நிறுத்தினால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பாடும்போது இடது கை விரல்கள் சக்கரக் கதிரையின் கையில் கிற்றார்க் கம்பியைப் பிடிப்பதுபோல மடிந்து மடிந்து இடம் மாறும். அதையும் பார்த்து அவள் ஏதோ விளங்கிக்கொள்வாள்.

ஒருநாள் கேட்டாள்: “அண்ணை, கவனிச்சனீங்களே? ஊரோடை சேர்ந்து முப்பது வருசமாக் ‘கப்’ எண்டு பாடின மனுசன். இப்ப ஒருக்காலும் அது வாறேல்லை. ‘நீ’ எண்டுதான் வருது.”

நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கவனித்திருந்தேன்.

அவளுக்குத்தான் முதலில் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, கிணற்றடியில், மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டபோது அவன் கதிரையில் இருந்து உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தானாம். அவன் பசியில் பாடுகிறான் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்திருக்கிறார்கள்.

ஒரே மகள் கனடாவில். அவளுடைய குடியுரிமைப் பத்திரங்கள் அந்த நேரத்தில் பரிசீலனையில் இருந்தன. வெளிக்கிட்டால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம். வராதே என்று ஆலோசனை சொன்னவன் நான். நடைமுறைப்படி அது சரியான ஆலோசனை. அவள் தொலைபேசியில் நெடுநேரம் அழுதுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மாமா, பெட்டி மூட முதல் அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்திலை கொஞ்ச நேரம் விடுங்கோ. அவர் என்னவும் சொல்ல நினைப்பார். அவசரப்படுத்தாதேங்கோ.”

“ஓம் பிள்ளை” என்றேன். அதை என் நிகழ்ச்சி நிரலில் எழுதியும் வைத்தேன். வாய்க்கரிசிக்கும் பெட்டி மூடுவதற்கும் இடையில், கணவர், ஐந்து நிமிடம். மயானத்துக்குப் போகிற வழி ஒரு மணல் ஒழுங்கை. சக்கரக் கதிரை புதையும். ஆகவே அவன் படலையோடு நிற்பது என்று முடிவு செய்திருந்தோம். அவளை அவன் கடைசியாகப் பார்க்கப்போவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

புதன்கிழமை. இராகுகாலம் பன்னிரண்டுக்குத் தொடங்கும், அதற்கு முன் வெளிக்கிட வேண்டும். கிரியை செய்தவர் நல்ல வேகம். சுண்ணம் இடித்து, தேவாரம் பாடி, மகன் முறைக்குப் பெறாமகன் செய்யவேண்டியதைச் செய்து, வாய்க்கரிசி முடிய பதினொன்று நாற்பது. முற்றத்தில் நிற்க இடமில்லை. படலைக்கு வெளியே கழகப் பொடியன்கள் கறுப்புத் துணி கட்டிய கொடியோடு நின்றார்கள். ஒருவன் மரத்தில் சாய்ந்தபடி பெரிய மேளத்தையும் வைத்திருந்தான். போன கிழமைப் போட்டியிலிருந்து அது அவர்களுடைய வாகனத்திலேயே கிடந்தது. மகளுக்காக ஒருவர் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன். கூறைச் சேலையோடு அவள் கிடந்தாள். அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு இடது கையைப் பெட்டி விளிம்பில் வைத்தான். விரல்கள் மடிந்தன. தொடங்கினான்.

“கடைசி பஸ்ஸும் போட்டுது...”

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த அடிகளை அவர்கள் முன்பு கேட்டதில்லை. சத்தம் இல்லாத முற்றத்தில் அவனுடைய குரல் மட்டும், தேய்ந்து, ஆனால் சுருதி விலகாமல் வந்தது. நெல்லியடிச் சந்தியிலே நான் மட்டும் நிற்கிறேன் என்று முடித்து, மூச்சு எடுத்தான். எனக்கு அந்த வாங்கும், பஸ்ஸின் பின் கண்ணாடிக்குள்ளால் சிறுத்துக்கொண்டு போன அவனுடைய உருவமும் தெரிந்தன. அந்த முற்றத்தில் உயிரோடு இருந்தவர்களில் அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை இங்கே பதிவு செய்கிறேன்.

“போகமாட்டன்...”

படலையில் ஒரு கை தட்டியது. பிறகு நான்கு கை. மேளத்தில் இரண்டு அடி விழுந்தது. அந்தப் பொடியன்களைக் குறை சொல்ல முடியாது. பால்குடி காலத்திலிருந்து அந்த அடி கேட்டால் கைதட்டி வளர்ந்தவர்கள். அடுத்த அடியை அவன் எடுக்க, அவன் ‘நீ’ என்ற அதே கணத்தில் படலையிலிருந்து ஏழெட்டுக் குரல் ‘கப்’ என்றது. ஒருவன் துள்ளியும் விட்டான்.

முற்றம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் “என்னடாப்பா உது, செத்தவீடோ கார்னிவலோ?” என்றார். கிரியை செய்தவர் என்னைப் பார்த்தார். ஒழுங்குக்குப் பொறுப்பு நான். படலைக்குப் போய்ப் பொடியன்களை அடக்கியிருக்கலாம். இருபது அடி தூரம். பொடியன்கள் தாங்களாகவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றதையும் கண்டேன். ஆனால் அவன் நிறுத்தவில்லை, திரும்ப ‘போகமாட்டன்’ என்றான். மேளக்காரன் மறுபடி அடித்துவிடுவானோ என்ற பயத்தில் நான் பக்கத்தில் இருந்ததை அடக்கினேன். பக்கத்தில் இருந்தது அவனுடைய வாய்.

உள்ளங்கையால் பொத்தினேன்.

“செத்தவீடு, மச்சான். இது செத்தவீடு.”

அவனுக்குச் சொன்னேன் இதை.

என் கைக்குள் அவனுடைய உதடுகள் இன்னும் ஒரு சொல்லுக்கு அசைந்தன. பிறகு அசையவில்லை. அவன் என்னைத் தள்ளவில்லை, அழவும் இல்லை. பெட்டி விளிம்பிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான் தலையை ஆட்ட, பெட்டியை மூடினார்கள். பதினொன்று ஐம்பதுக்கு வெளிக்கிட்டோம். நேரம் தவறாமல் நடந்த செத்தவீடு என்று அன்று பலர் எனக்குச் சொன்னார்கள்.

பின்னேரம் மகள் எடுத்தாள். “மாமா, அப்பா பாடத் துவங்க லைன் வெட்டுப்பட்டுட்டுது. முழுக்கப் பாடினவரோ?”

“ஓம் பிள்ளை” என்றேன். “முழுக்கப் பாடினவர்.”

அன்றோடு அவன் பாடவில்லை. பசிக்கும் இல்லை, கிளினிக்குக்கும் இல்லை. ஓட்டோ வந்தால் பேசாமல் ஏறுகிறான். முதல் கிழமை துக்கம் என்று நினைத்தோம். எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, கழகத் தலைவன் நாலைந்து பேரோடு வந்து அவனுக்கு முன்னால் நின்றான்.

“ஐயா, பிழையா நினையாதேங்கோ. கை தன்ரை பாட்டிலை தட்டுப்பட்டுட்டுது” என்றான். அவர்கள் அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, கைதட்டாமல், அந்தப் பாட்டை மெதுவாகப் பாடிப் பார்த்தார்கள். முதற்பாதி அவர்களுக்குத் தெரியாது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. நான் பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் பதிந்தேன். பயிற்சி தந்த பெண்பிள்ளை பொறுமைசாலி. மேசையில் தட்டித் தாளம் போட்டு, அந்தப் பாட்டைத் தானும் படித்துக்கொண்டு வந்து பாடினாள். கடைசியில் என்னிடம் கேட்டாள், இடையில் ஏதாவது நடந்ததா, பயந்தாரா, யாராவது தடுத்தார்களா என்று. செத்தவீடு நடந்தது என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

ஆட்டைத் திவசம் வரைக்கும் ஒரு வருடத்துக்கு வெற்றிப் பாட்டைப் பாடுவதில்லை என்று கழகம் தீர்மானித்தது. அவளுக்கு மரியாதையாக. தீர்மானத்தை எழுதித் தரும்படி என்னிடம்தான் வந்தார்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக என்றெல்லாம் போட்டுப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாயைக் கையால் பொத்தியவன், ஓர் ஊரின் வாயைக் கடதாசியால் பொத்தினேன்.

ஒவ்வொரு பின்னேரமும் அவனிடம் போவேன். சமைத்துக் கொடுக்கவும் தூக்கி இருத்தவும் ஆள் ஒழுங்கு செய்திருக்கிறது. நான் பத்திரிகை வாசிப்பேன். அவன் கேட்கிறானா தெரியாது. மன்னிப்புக் கேட்பதற்கு நடைமுறை ஏதும் எனக்குத் தெரியவில்லை. பலநாள் தொடங்கி, சந்தை விலைக்கு மாறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எடுப்பாள். ‘அப்பா பாடுறாரோ?’ என்பதுதான் முதற்கேள்வி. பாடுகிறார், இப்போது நித்திரை என்பேன். இரண்டு நாட்டு நேர வித்தியாசம் என் பொய்க்கு வசதியாக இருந்தது.

போன சனிக்கிழமை கழகம் மறுபடி இறுதியாட்டத்தில் வென்றது. நெல்லியடி மைதானத்தில்தான். பின்னேரம் ஐந்தரை மணிபோல வெடிச் சத்தம் கேட்டது. பத்திரிகையை மடித்தேன். அவன் தலையை நிமிர்த்தி, படலைப் பக்கம் பார்த்தான். பல மாதத்தில் அவன் ஏதோ ஒன்றுக்குத் திரும்பியது அதுதான் முதல் தடவை. கதிரையைப் படலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். லான்ட்மாஸ்டர் இரையும் சத்தம் தூரத்தில் கேட்கவே அவனுடைய இடது கை விரல்கள் கதிரைக் கையில் மெதுவாக மடிந்தன. முதற்பாதிக்குப் பிடிக்கிற முதல் பிடி. குடிலுக்குள் ஆயிரம் தடவை பார்த்த பிடி அது, எனக்குத் தெரியும்.

லான்ட்மாஸ்டர் வந்தது. பாட்டு இல்லை. எங்கள் வீதிக்குத் திரும்பியதும் தகரத்தையும் நிறுத்திவிட்டார்கள். முப்பது பேரும் தலையைக் குனிந்து, கிண்ணத்தை முழங்காலுக்குக் கீழே மறைத்துப் பிடித்தபடி, செத்தவீட்டுக்குப் போகிறவர்கள்போல எங்களைக் கடந்து போனார்கள். தலைவன் மட்டும் கையைக் கூப்பினான். ஏகமனதான தீர்மானம். ஒருவனும் மீறவில்லை.

சத்தம் சந்தைப் பக்கம் தேய்ந்து போகும் வரைக்கும் அவன் விரல்களை எடுக்கவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். பிறகு சின்ன விரல் நிமிரத் தொடங்கியது.

நான் பாடினேன்.

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசி பஸ்ஸும் போட்டுது என்று தொடங்கினேன். தொடங்கிய சுருதி எனக்கே பொறுக்கவில்லை. வீதியால் போன ஒரு பெண் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தாள். கடையள் எல்லாம் பூட்டுது என்று இரண்டாம் அடியையும் இழுத்தேன். நெல்லியடிச் சந்தியில் குரல் உடைந்து, இராகம் எங்கேயோ போய்விட்டது. நிறுத்தவில்லை. நான் மட்டும் நிற்கிறேன் என்பது அவன் சொல்ல வேண்டிய அடி, பஸ்ஸில் ஏறிப் போனவனுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை என்று தெரிந்துகொண்டே அதையும் சொன்னேன். மூச்சு எடுத்து, அடுத்ததற்கு வாயைத் திறந்தேன்.

அவனுடைய கை எழுந்து வந்து என் வாயைப் பொத்தியது.

நாற்பது வருடத்துக்கு முன் இருந்த அதே உள்ளங்கை. விரல் நுனிகள் மட்டும் இப்போது குழந்தையின் விரல்கள்போல மெத்தென்று இருந்தன. அவன் என்னைப் பார்த்தான். கோபமா, பழைய பகிடியா, அன்றைக்கு நான் செய்ததைத் திருப்பித் தந்தானா, எனக்குத் தெரியாது. அவனை மொழிபெயர்க்கத் தெரிந்தவள் இல்லை. உடனே எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கை களைத்துத் தாழத் தொடங்கியபோது நான் என் கையால் அவனுடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். அப்படியே கொஞ்ச நேரம் படலையில் இருந்தோம்.

அடுத்த நாள் ஞாயிறு. மகள் எடுத்தாள்.

“அப்பா பாடுறாரோ, மாமா?”

“இல்லைப் பிள்ளை. செத்தவீட்டோடை விட்டிட்டார். அண்டைக்கு முழுக்கப் பாடேல்லை. நான்தான் வாயைப் பொத்தினனான்.”

பிறகு முழுவதையும் சொன்னேன், நேரங்களோடு.   அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதைப் பூட்டினார்கள்.

“அப்ப, ஒரு வருசமா அப்பா ஒண்டுமே சொல்லேல்லையோ?” என்று கேட்டாள்.

“நேற்றுச் சொன்னவர்.”

“என்ன சொன்னவர்?”

“என்னைப் பாட வேண்டாமெண்டு” என்றேன்.